வரிசையில் ஜெயப்ரியாவின் செருப்பு

பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே, சரியாக விடியாத நேரத்தில், ஓட்டுப் போட வந்து காத்திருந்தவர்கள் இவர்கள்:

ஆண்கள் பக்கம் வெங்கடப்பன். எங்கள் லைன் வீட்டுக்குச் சொந்தக்காரர். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வீட்டிலிருந்து தூக்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு செங்கல், பால் கேன் மூடி, கம்பி ஒடிந்த குடை. அவருக்கு முன்னால், எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரு ஜோடி சேஃப்டி ஷூ.

பெண்கள் பக்கம் பேச்சியம்மாள். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவள். அவளுக்குப் பின்னால் நான்கைந்து பிளாஸ்டிக் குடங்கள், ஒரு முறம், முக்காடு போட்டுக்கொண்டு தூங்கி வழிந்த இரண்டு பெண்கள். அவளுக்கு முன்னால், முதலாக, ஊதா வார் வைத்த ஒரு ஜோடி செருப்பு.

ஷூ அசோக்குமாருடையது. செருப்பு ஜெயப்ரியாவுடையது. ஜெயப்ரியா என் மனைவி.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கெலவரப்பள்ளிப் பக்கம் அணை இருக்கிறது, எங்கள் தெருவில் தண்ணீர் இல்லை. லாரி வரும் நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை வேறு யாரும் தொடக்கூடாது. வீட்டு ஆள் வந்து எடுத்தால் இடம் போயிற்று. அந்தச் சட்டத்தையே ரேஷன் கடைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். இப்போது ஓட்டுக்கும். காவலுக்கு வந்த போலீஸ்காரர் கொஞ்ச நேரம் அந்தச் சாமான்களைப் பார்த்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

தெருத் தெருவாகச் சுற்றிவிட்டு நானும் டீக்குத்தான் வந்திருந்தேன். மழைக்காலத்திலேயே நைட் ஷிஃப்டை விட்டுவிட்டேன், ஆனால் உடம்பு இன்னும் விடவில்லை. ஊரே தூங்கும்போது விழித்துக் கிடப்பேன். பக்கத்தில் ஜெயப்ரியா ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவாள். படுத்த நிமிடமே தூங்கிவிடுவாள். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

"ஏமய்யா கோபி, இப்பத்தான் வர்றியா?" என்றார் வெங்கடப்பன். அவர் வீட்டில் தெலுங்கு, வாசலில் கன்னடம், வாடகை கேட்கும்போது மட்டும் சுத்தமான தமிழ். "உன் பொண்டாட்டி முந்திக்கினா பாரு."

"எப்ப வந்தா?"

"அவ எங்க வந்தா? அந்தத் தெக்கத்திப் பையன் கொண்டாந்து வெச்சான். ஒரு கையில அவன் ஷூ, ஒரு கையில இவ செருப்பு. சாமிக்குப் பூ வெக்கற மாதிரி குனிஞ்சு நேரா வெச்சுட்டுப் போறான்."

பேச்சியம்மாள் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு இருந்த மட்டும் எஞ்செருப்பக் காலால கூட நகட்டுனதில்ல. குடுத்து வச்சவ உன் பொண்டாட்டி."

"நீ என்னப்பா பண்ணுன அந்நேரம்?" என்று வெங்கடப்பன் விடாமல் கேட்டார்.

நான் டீக் கடைக்குப் போகவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரல் அழுந்தி அழுந்திக் கறுத்துப் போன இடம் தெரிந்தது. அது இன்னொருவன் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அதைக் கையால் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவன் தொட்டுவிட்டான் என்று தெரிந்த பிறகு, தொடாமல் விட்டது பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

அசோக்குமாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆண்டிப்பட்டிப் பக்கத்துக்காரன். எங்கள் மூவருக்கும் ஒரே கம்பெனி, வண்டிகளுக்கு ஒயரிங் செய்து அனுப்பும் கம்பெனி. நான் மோல்டிங்கில் இரவு ஷிஃப்ட், ஜெயப்ரியா அசெம்பிளியில் பகல் ஷிஃப்ட். நான் ஒரு நாள் பாதி ஷிஃப்டில் கையுறையைக் கழற்றி மிஷின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அந்தக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டவன் அசோக்குமார். என் மிஷினில் நின்றான், என்னை விட அதிகமாகப் பீஸ் எடுத்தான், பகல் ஷிஃப்டுக்கு மாறினான், பர்மனென்ட் ஆனான். பிறகு எங்கள் லைன் வீட்டிலேயே மூன்றாவது போர்ஷனுக்குக் குடி வந்தான். முகத்துக்கு நேராக என்னை 'அண்ணே' என்பான், அவளை 'மதினி' என்பான். குறை சொல்ல ஒன்றும் வைக்காதவன். அப்படிப்பட்டவனை வெறுப்பது சுலபமில்லை. நான் முயற்சி எடுத்துத்தான் வெறுத்தேன்.

வீட்டுக்குப் போனேன். ஜெயப்ரியா குளித்து, ஈரத் தலையில் துண்டோடு, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை எட்டரைக்குக் கம்பெனி வாசலில் இருந்து ஒரு பஸ் பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் புறப்படும். அங்கிருந்து புனே. இரண்டு மாதம் டிரெயினிங். முடித்து வந்தால் லைன் லீடர். எங்கள் தெருவிலிருந்து தேர்வானவர்கள் இரண்டு பேர். ஒன்று ஜெயப்ரியா. இன்னொருவன் யாரென்று சொல்லவேண்டியதில்லை.

பஸ்ஸில் ஏறுவதற்கு எச்.ஆர். ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இடது கை விரலில் மை இருக்க வேண்டும். கம்பெனி தொழிலாளிகளை ஓட்டுப் போட விடாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று யாரும் புகார் எழுதக்கூடாதாம். மை இல்லாதவர் ஏறக்கூடாது, அவர் இடத்தில் அடுத்த ஆளை அனுப்பிவிடுவார்கள். அடுத்த ஆள் கர்நாடகப் பக்கம் பொம்மசந்திராவில் இருந்து வருகிறவள், அங்கே அன்று ஓட்டு இல்லாததால் அவளிடம் மை கேட்க மாட்டார்கள், அவளும் பையைக் கட்டிக்கொண்டு கேட்டில் வந்து நிற்பாளாம். அதனால்தான் விடியும் முன்பே செருப்பு வரிசைக்குப் போனது.

"செருப்பு எங்க?" என்றேன்.

"வரிசையில இருக்குது."

"யாரு வெச்சா?"

"அசோக்கு. அவன் ஷூ கொண்டு போனான், இதையும் கொண்டு போடான்னு குடுத்தன்."

அவள் குரலில் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒளிக்கிறவள் குரலில் ஏதாவது இருக்கும், பிடித்துக்கொள்ளலாம்.

"எங்கிட்ட குடுத்திருக்கலாம் இல்ல?"

"நீங்க எங்க இருந்தீங்க? எழுந்து பாத்தா ஆளக் காணோம்." ஜிப் மாட்டிக்கொண்டது. பையை முழங்காலால் அமுக்கினாள். "அதுவுமில்லாம, கேட்டா கொண்டு போயிருப்பீங்களா?"

கொண்டு போயிருக்க மாட்டேன்.

பையின் பக்கத்தில் ஒரு ஜோடி புது வெள்ளை ஷூ இருந்தது. அதுவரை நான் பார்க்காதது.

"இது எப்ப?"

"நேத்து. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல."

"அவன்கூடப் போயா?"

அவள் தலையிலிருந்து துண்டை உருவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொற்கொடிகூடப் போயி. வேணும்னா அவளையே கேளு." கோபம் வந்தால் 'நீங்க' போய்விடும். பொற்கொடி பக்கத்து போர்ஷன். கேட்டால் அவளும் ஆமாம் என்றுதான் சொல்வாள். "எட்டரைக்குள்ள கேட்டுக்கு வந்து பையத் தூக்கி வெக்கறீங்களா, இல்ல அதுக்கும் ஆள் பாக்கட்டுமா?"

நான் வெளியே வந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது என் மண்டையில் ஓடியது ஏரோப்ளேன். நானும் ஏறியதில்லை, அவளும் ஏறியதில்லை. ஹோசூரில் இருந்தால் தலைக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான். அவள் முதல் தடவை ஏறும்போது பயப்படுவாள். ராட்டினத்தில் ஏறினாலே பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்பவள். காவேரிப்பட்டினம் திருவிழாவில் அப்படித்தான் முதலில் என் கையைப் பிடித்தாள். புனே டிக்கெட் இரண்டும் சேர்த்து எடுத்தது. சீட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

வரிசையில் இப்போது இன்னும் குடங்கள் சேர்ந்திருந்தன. பெண்கள் பக்கம் பள்ளிக்கூட மதில் திரும்பும் இடம் வரை போயிற்று. வெங்கடப்பன் நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார். உள்ளே ஏஜென்டுகள் மிஷினைச் சோதித்துப் பார்க்கும் சத்தம், பீப், பீப் என்று விட்டு விட்டு வந்தது.

நான் குனிந்து ஜெயப்ரியாவின் செருப்பை எடுத்தேன்.

"என்னய்யா?" என்றாள் பேச்சியம்மாள்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்ல. லேட்டா வருவா."

"நான் வாரப்ப வாசல் தெளிச்சுக்கிட்டு நின்னாளே? நல்லாத்தான இருந்தா."

"தலவலி. படுத்திருக்கா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எனக்கு அதிகாரம் இருந்தது. வீட்டு ஆள் எடுத்தால் இடம் போயிற்று. நான் செருப்பை எடுத்துக்கொண்டு போய், வரிசையின் கடைசியில், மதில் திரும்பிய இடத்துக்கும் அப்பால், ஒரு நீலக் குடத்துக்குப் பின்னால் வைத்தேன். நேராக வைக்கவில்லை. ஒன்று கவிழ்ந்து கிடந்தது, அப்படியே விட்டேன். அங்கிருந்து ஒரு பெண் உள்ளே போய் மை வைத்துக்கொண்டு வெளியே வர ஒன்பது மணியாவது ஆகும். அவ்வளவுதான் வேண்டும். நான் அவளைத் தடுக்கவில்லை. கம்பெனியே தடுக்கட்டும்.

பிறகு ஆண்கள் வரிசையில் குடைக்குப் பின்னால் போய் நின்றேன். மனசு கொஞ்சம் லேசானது. ஒரு டீ கூடக் குடித்தேன்.

ஏழு மணி நெருங்கியதும் சாமான்களின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். செங்கல் இருந்த இடத்தில் ஒருவர், கேன் மூடி இருந்த இடத்தில் ஒருவர். அசோக்குமார் சட்டையை இன் செய்துகொண்டு, பவுடர் வாசனையோடு வந்தான். "என்னண்ணே, சீக்கிரமே வந்துட்டீக" என்றான். ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டே பெண்கள் பக்கம் பார்த்தான். முகம் மாறியது. தரையில் இல்லாததை அவன்தான் முதலில் பார்த்தான். அதுவும் எனக்கு எரிந்தது.

ஜெயப்ரியா வந்தாள். வெள்ளை ஷூ போட்டிருந்தாள். நேராக முன்னால் போனவள் பேச்சியம்மாள் அருகில் நின்று கீழே தேடினாள்.

"தலவலி எப்படி இருக்குடி?" என்றாள் பேச்சியம்மாள்.

"எனக்கா? என்னா தலவலி?"

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பியதும் இரண்டு வரிசையும் திரும்பியது.

"உன் வீட்டுக்காரந்தான் செருப்ப எடுத்துக்கிட்டுப் போயி கடைசில வச்சான். உனக்கு ஒடம்பு முடியலன்னான்."

ஜெயப்ரியா கத்தவில்லை. என்னை நோக்கி இரண்டடி வந்தாள். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லார் முன்னாலும் என்ன சொல்வது? "வரிசைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். நின்னு போடு" என்றேன்.

"அண்ணே, பஸ்ஸு போயிரும்ணே" என்றான் அசோக்குமார்.

"நீ பேசாதடா. உனக்கு எதுக்குடா எம்பொண்டாட்டி செருப்பு?"

ஆண்கள் வரிசையில் எவனோ விசில் அடித்தான். அசோக்குமாருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "மதினி குடுத்தாக, கொண்டாந்தேன். அதுல என்னண்ணே இருக்கு" என்றான். அவன் சொன்ன விதத்தில் அதில் ஒன்றும் இல்லைதான். ஆனால் அவன் சிவந்தானே. அதை நான் பார்த்துக்கொண்டேன். பிற்பாடு யோசிக்க எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜெயப்ரியா பேச்சியம்மாளிடம் போய், "நான் முன்னாடி நிக்கட்டா, அக்கா?" என்றாள்.

பின்னால் குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி விடவில்லை. "அதெப்படி? வீட்டு ஆள் எடுத்தா இடம் போச்சு. போன வாரம் எங்க மாமியா தெரியாம குடத்த எடுத்துட்டாங்கன்னு என்னைய கடைசிக்கு அனுப்புனீங்க இல்ல? அப்ப மட்டும் சட்டமா?"

"ஆமா, அவ சொல்றது நாயம்" என்றது இன்னொரு குரல்.

நான் அந்தக் குடத்துக்காரியை மனதுக்குள் கும்பிட்டேன்.

பேச்சியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள். எங்கள் தெருவில் தண்ணீர்ச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வது அவள்தான். நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏத்தா, குடம் யாருக்கு?"

"வீட்டுக்கு."

"அந்தத் தண்ணிய யாரு குடிக்கா?"

"எல்லாருந்தான்."

"அப்ப குடத்த வீட்ல யாரு எடுத்தாலும் செல்லும். செருப்பு யாருக்கு? இவ மாமியா போட்டுக்கிருமா? இந்தா நிக்கானே, இவன் போட்டுக்கிருவானா? போட்டுக்கிட்டு நட பாப்போம்யா." கூட்டம் சிரித்தது. "செருப்பு போட்டுருக்கவளுக்கு மட்டுந்தேன் சொந்தம். அவ எடுக்கல. இடம் போகல. நில்லுடி முன்னால."

குடத்துக்காரிகூட சிரித்துவிட்டாள். வெங்கடப்பன் நாற்காலியிலிருந்து எட்டி என் முதுகில் தட்டினார். "ஆய்து பிடப்பா. விட்டுத் தள்ளு. லேடீஸ் சைஸு உனக்குப் பத்தாது."

கேட் திறந்தது.

முதலில் அசோக்குமாரும் ஜெயப்ரியாவும் உள்ளே போனார்கள். வரிசை இரண்டானாலும் வாசல் ஒன்றுதான். வாசற்படியில் அவன் ஒதுங்கி அவளுக்கு வழி விட்டான். நான் எட்டிப் பார்த்தேன். தலைகள் மறைத்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நீளமான பீப். இன்னும் கொஞ்ச நேரம். இன்னொரு பீப். மிஷின் சத்தம் எனக்குப் புதிதில்லை, வருடக்கணக்கில் மிஷின் சத்தத்தோடு இருந்தவன். அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அவர்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன். அந்த அறையில் அதிகாரிகள், ஏஜென்டுகள், இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள் என்பது தெரியும். தெரிந்து பிரயோஜனம் இல்லை.

வெளியே வந்தவர்களைத் தாண்ட விடாமல் ஒருவர் மறித்தார். ஏதோ யூட்யூப் சேனலாம், கழுத்தில் அட்டை தொங்கியது. கூடவே பஞ்சாயத்து ஆபீஸ்காரர் ஒருவர் இரண்டு புங்கன் கன்றுகளோடு நின்றார். முதலில் ஓட்டுப் போட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் கொடுக்க வைத்திருந்தார்களாம்.

"அண்ணா, அக்கா, ஜோடியா நில்லுங்க. விரலக் காட்டுங்க. இன்னும் கிட்ட வாங்க. புருசன் பொண்டாட்டி இவ்ளோ தள்ளியா நிப்பாங்க?"

வரிசையில் சிரிப்பு வெடித்தது. வெங்கடப்பன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "புருசன் இங்க நிக்கறான்யா! குடைக்குப் பின்னாடி!"

அசோக்குமார் பதறிப்போய் அந்தப் பக்கம் நகர்ந்தான். ஜெயப்ரியா சிரிக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை. மை வைத்த விரலை, கேமராவுக்கு நேராக, கடன் வசூலுக்கு வந்தவனிடம் ரசீதைக் காட்டுவது போல நீட்டினாள். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை இப்போதும் போனில் தேடினால் கிடைக்கிறது. அவளுக்கு இன்னும் ஈரம் காயாத முடி. அவன் கண்ணை மூடியிருக்கிறான். பார்க்கிறவர்களுக்குப் புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரிதான் தெரியும்.

போகும்போது என் அருகில் வந்த அசோக்குமார் இரண்டு கன்றுகளையும் என் கையில் வைத்தான். "அண்ணே, நாங்க ஊருக்குப் போறோம்ல. நீங்க ஊண்டி தண்ணி ஊத்துங்கண்ணே."

நாங்க. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு கையிலும் கன்று. மடக்கி ஒரு குத்து விடக்கூடக் கை இல்லை.

வரிசையை விட்டு அவர்கள் பின்னால் ஓடியிருக்கலாம். ஓடினால் வெங்கடப்பன் வருடம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். நின்றேன். அவர்கள் தெருவில் போவது தெரிந்தது. நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். எனக்காகவே அளந்து விட்டது போல இருந்தது.

என் முறை வந்தது. கன்றுகளை மதில் மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். ஆடு தின்றிருக்கும். பெயரைப் படித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், மை வைத்தார்கள். மை குச்சி ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. இதே குச்சி அவர்கள் இருவரையும் தொட்டிருக்கிறது என்று நினைத்தேன். நினைப்பதற்கு ஒரு அளவு வேண்டாமா என்று எனக்கே தோன்றியது. ஆனால் நிற்கவில்லை.

அட்டை மறைப்புக்குள் போனேன். எங்கள் குடும்பத்துக்கு எப்போதும் ஒரே சின்னம்தான். ராயக்கோட்டையில் தக்காளி போடும் என் அப்பாவிலிருந்து எல்லோரும் அதற்குத்தான் போடுவார்கள். விரலைக் கொண்டு போகும்போதுதான் ஞாபகம் வந்தது, அசோக்குமாருக்கும் அதே சின்னம். கேன்டீனில் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்வான். அவன் விரல் பட்ட பொத்தானில் என் விரலை வைக்க மனசு வரவில்லை. கீழே போனேன். யாரோ ஒரு சுயேச்சை, பெயர் கூடப் படிக்கவில்லை, சின்னம் ஏதோ ஒரு வீட்டுச் சாமான். அழுத்தினேன். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்றது, பிறகு விழுந்தது. அந்தச் சுயேச்சைக்கு எங்கள் பூத்தில் கிடைத்த ஓட்டை நான் பிற்பாடு விசாரித்தேன். சொல்லும்படியாக இல்லை.

வெளியே வந்து ஓடினேன்.

ஜெயப்ரியா வீட்டு வாசலில் பையோடு நின்றாள். அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கி, உள்ளே போய்க் கட்டிலில் போட்டேன். அவளும் உள்ளே வந்தாள்.

"போகாத."

"ஏன்?"

"அவன்கூடப் போகாத."

"அவன்கூடப் போகல. கம்பெனி வண்டில போறன். இருபது பேர் போறாங்க."

"எனக்குப் பிடிக்கல."

"எது பிடிக்கல? அவன் வர்றதா, நான் லீடர் ஆவறதா?"

யோசித்தேன். "ரெண்டும்" என்றேன்.

நான் மறுப்பேன் என்று நினைத்திருப்பாள் போல. "அவன் இல்லாம நான் மட்டும் போனா?"

"அப்பவும் பிடிக்காது."

"அப்ப அவன எதுக்குடா திட்டுன?" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "தெருவுல எல்லாரும் பாத்து சிரிக்கறாங்க. உனக்குத் தூக்கம் வரல, அதுக்கு நான் முழிச்சிருக்கணும். நீ ஷிஃப்ட விட்டுட்ட, அதுக்கு நானும் விடணும். அதான?"

"கேட்டுக்கு வர்றன்" என்றேன். "எச்.ஆர். முன்னாடியே கேக்கறன். ஒரே தெருவுல இருந்து ஆம்பளையையும் பொம்பளையையும் எப்படி ஜோடியாப் பொறுக்கினீங்கன்னு கேக்கறன். அந்தப் படத்தையே காட்டறன். அப்புறம் யார ஏத்தறாங்கன்னு பாக்கலாம்."

சும்மா சொல்லவில்லை. செய்திருப்பேன். கேட்டில் கூச்சல் போட்டால் கம்பெனிக்காரர்கள் விசாரிக்க மாட்டார்கள், பிரச்சினை உள்ள ஆளை நிறுத்திவிட்டு அடுத்த ஆளை ஏற்றிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

அவள் என்னைப் பார்த்தாள். பார்வை சட்டைக்கு இறங்கியது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி, வாங்க. இந்தச் சட்டையோடவா வர்றது? டீக் கறை. மாத்திக்கிட்டு வாங்க."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பின்னறைக்குப் போய்க் கொடியிலிருந்து ஒரு சட்டையை உருவினேன். ஒரு கையை நுழைக்கும்போது கட்டிலில் பையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டின் சத்தம், ஆணியிலிருந்து எடுக்கிற சத்தம்.

இரவு ஷிஃப்ட் போகிறவர்கள் இருக்கிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பகலில் அவன் தூங்கும்போது வீட்டுக்காரி வெளியே பூட்டிக்கொண்டு போவாள். பூட்டைப் பார்த்தால் சிலிண்டர்காரரும் சீட்டுக்காரரும் கதவைத் தட்ட மாட்டார்கள், உள்ளே இருப்பவன் தூக்கம் கெடாது. ஜெயப்ரியா எனக்கு வருடக்கணக்கில் அப்படிப் பூட்டியிருக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும். அதனால் உடனே புரியவில்லை. புரிந்து முன்னறைக்கு வந்தபோது அவள் வாசற்படிக்கு வெளியே இருந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் கதவு.

"சாவி பொற்கொடிகிட்ட. ஒம்பது மணிக்குத் திறப்பா. தோசை மூடி வெச்சிருக்குது" என்றாள்.

"ஜெயா!"

தெருவில் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. அசோக்குமாரின் குரல் கேட்டது. "அண்ணே வரலையா, மதினி?"

"அவரு தூங்கப் போறாரு" என்றாள்.

நான் ஓடினேன். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக. கதவு என் விரல் படுவதற்குள் சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது, பூட்டு அமுங்கியது, அவள் எப்போதும் செய்வது போலவே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.